இங்கிருந்து படித்தால் போதும்

எதை மறந்தாலும் போன வாரம் இந்தக் கதையில் வந்த பார்சலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

நுவான் இறந்த மூன்றாம் நாள், பிக்குகள் ஓதி முடித்து எழுந்த நேரத்தில், அவள் பெயருக்கே வந்து நின்றது அது. உள்ளே ஒரு நாவல். ‘நீர் வடியும் படி’, இரண்டாம் பாகம். முதல் பாகத்தை முடித்துவிட்டு, அடுத்தது எப்போ வரும் எப்போ வரும் என்று மகளைப் பிய்த்து எடுத்தவள் அவள். அச்சாகத் தாமதம், இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். கடைசியில் புத்தகம் வந்தது, படிக்கிறவள் போய்விட்டாள். விதியைத் திட்ட எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. போகட்டும்.

தீ வைப்பதற்கு முன்னால் ஒருமுறை சவப்பெட்டியைத் திறப்பார்கள். இளநீரால் முகம் கழுவுவார்கள். அந்த நேரத்தில் புத்தகத்தை அம்மாவின் கையருகே வைத்துவிட வேண்டும் என்பது மகள் பிம்மின் பிடிவாதம். கூடவே கூடாது என்பது அண்ணன் சொம்கிட்டின் பிடிவாதம். போன வாரக் கதையை அதோடு நிறுத்தியிருந்தேன்.

இன்று தகனம். மாலை நாலு மணிக்கு.

காலையில் கோயில் மண்டபத்துக்கு வந்ததும் பிம் தன் பையைக் கவிழ்த்துத் தட்டினாள். சீப்பு விழுந்தது. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் அடையாள அட்டை விழுந்தது. புத்தகம் விழவில்லை.

நேரே வாசலுக்குப் போனாள். சொம்கிட் அங்கே மின்விசிறிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் சாவுக்கு மலர்வளையம் வைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பெயர் நாடா கட்டிய மின்விசிறிதான். காரியம் முடிந்ததும் கோயிலுக்காவது உதவும். தன் அலுவலகத்திலிருந்து வந்த பெரிய விசிறி முன்னால் தெரிய வேண்டுமே என்பது அவன் கவலை.

“அண்ணே, புத்தகத்தை என்ன பண்ணினே?”

“எந்தப் புத்தகம்?”

“நடிக்காதே. பையில வச்சிருந்தேன், காணோம். உன்னைத் தவிர யாரு எடுப்பா?”

“நான் தொடவே இல்லடி. அந்த அட்டையைப் பாத்தாலே கூசுது. ஒரு பொண்ணும் பையனும் ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எங்க ஆபீசர் வர்றார், பெரிய பிக்கு வர்றார். அவங்க முன்னால அதையா பெட்டிக்குள்ள வைக்கப்போறே? ஒரு தம்ம நூல் வை, புத்தர் வாக்குன்னு நாலு பேர் கும்பிடுவாங்க.”

“அம்மா தம்ம நூல் படிச்சு நீ பாத்திருக்கியா?”

“அதான் சொல்றேன். இனிமேலாவது படிக்கட்டும்.”

பிம்முக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வெள்ளை விரிப்பு போட்ட மேஜையில் தேநீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஜியாப் அக்கா குறுக்கே வந்தாள். மீன் உருண்டை விற்பவள். சந்தையில் நுவானின் கடைக்குப் பக்கத்துக் கடை.

“சண்டை போடாதீங்கடா, உங்கம்மா காதுல விழும். அவளுக்குச் சண்டைன்னா கதையில மட்டும்தான் பிடிக்கும்.”

அது உண்மை. பாக்ரெட் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எள்ளும் தேங்காயும் சேர்த்த மாவில் வாழைக்காயை முக்கிப் பொரிப்பாள் நுவான். ஒரு கையில் ஜல்லிக்கரண்டி, ஒரு கையில் புத்தகம். மந்திரக்காரி மோதிரத்தைத் திருகினால் இவள் எண்ணெயில் காயைத் திருப்ப மறப்பாள். நாயகி முந்நூறு வருஷம் பின்னால் போய் விழுந்தால், வாடிக்கையாளர் கால் கடுக்க நிற்க வேண்டியதுதான். ‘இன்னிக்குக் காய் கருகியிருக்கு, கதையில முத்தம் வந்துடுச்சு போல’ என்று சந்தையே சிரிக்கும். அவளும் சிரித்துவிட்டு, கருகியதை ஒதுக்கி, வேறு பொரித்துக் கொடுப்பாள். கொலைகாரன் யார் என்று மகளோடு பந்தயம் கட்டுவாள். தோற்றவர் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கித் தர வேண்டும். கடைசிப் பக்கத்தை முன்னாலேயே பார்ப்பவரை மனிதராகவே மதிக்க மாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குத் தம்ம நூலாம். நல்ல பிள்ளை!

பிம் மண்டபத்துக்குள் போனாள். முன்பக்கம் யாரும் இல்லை. தங்கப் பூ வேலை செய்த வெள்ளைப் பெட்டி, அதைச் சுற்றிப் பூக்கள், நடுவில் அம்மாவின் படம். பெட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டும் சத்தம் கேட்டது.

டொக், டொக்.

அப்பாதான். இறந்தவருக்கு வேளாவேளைக்குச் சோற்றுத் தட்டு வைத்து, பெட்டியைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். பெரும்பாலும் பெண்பிள்ளைகள் செய்வார்கள். இந்த வீட்டில் முதல் நாளிலிருந்தே தாவின் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சாவ் பிரயா ஆற்றில் ஆயுள் முழுக்கப் படகு ஓட்டிய மனிதர். ஆட்களை அந்தக் கரையில் கொண்டு விட்டுத் திரும்புவதுதான் அவர் தொழில். பேச்சு குறைவு.

“நுவான், எழுந்திரு. முட்டை பொரிச்சு வச்சிருக்கு. சாப்பிட்டுக்கிட்டே கேளு. நேத்து எங்க விட்டேன்? ஆங், அந்தப் பொண்ணு சமையல்கட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தா.”

பிம் எட்டிப் பார்த்தாள்.

அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் புத்தகம். மூக்கில் அம்மாவின் சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. அகலமான முகத்தில் அது காதுவரை எட்டாமல் நெற்றிப்பொட்டில் தொற்றிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் பிம் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார், முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி.

“‘மே...கலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வைத்தியர் கிண்ணத்தை முகர்ந்தார்.’ நுவான், இந்த வைத்தியன் ஆள் சரியில்ல. பெரியம்மாவுக்கு விஷம் வச்சது இவன்தான், பாரேன். ‘அந்தக் கணம் அதித் பிரபு அவள் கையைப் பற்றினான்.’ ம். பிடிக்கட்டும். இதை நான் சத்தமாப் படிக்கல, நீயே மனசுல படிச்சுக்கோ.”

காது சிவந்து இரண்டு வரியைத் தாண்டிப் போனார்.

“அப்பா.”

திருட்டு மாங்காயோடு அகப்பட்டவர் போலப் புத்தகத்தை மூடினார். விரலை மட்டும் பக்கத்துக்குள் விட்டிருந்தார்.

“கேக்காம எடுத்துட்டேம்மா. ரெண்டு நாளாப் படிக்கிறேன். படிச்சதும் பையிலயே வச்சுடுவேன். இன்னிக்கு நீ முந்திக்கிட்டே.”

“நீங்க ஏன்ப்பா கஷ்டப்படறீங்க? சாயங்காலம் பெட்டியில வச்சுட்டா அம்மாவே படிச்சுக்குவாங்க.”

“எப்படிப் படிப்பா?” என்றார் தாவின். “கண்ணாடி இல்லாம?”

பிம்முக்குத் திக்கென்றது. அம்மாவின் சீப்பை வைத்தார்கள். பிடித்த ஊதாப் பட்டுத்துணியை வைத்தார்கள். கழுத்துத் தாயத்தை, பவுடர் டப்பாவைக்கூட நினைவாக வைத்துவிட்டு, பெட்டியை மூடினார்கள். கண்ணாடியை யாரும் நினைக்கவில்லை. அது சந்தையில், மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. கடையைப் பூட்டப் போன அப்பா கண்ணில்தான் பட்டது.

“அய்யோ. அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாம ஒரு எழுத்து தெரியாதே.”

“அதான். அதுவரைக்கும் நான் படிச்சுக் காட்டலாம்னு...”

“சரிப்பா. பெட்டி திறக்கறப்ப கண்ணாடியையும் சேத்து வச்சுடலாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“வச்சுட்டா என்னால படிக்க முடியாதும்மா. என்னோட கண்ணாடி ஆத்தோட போனதுதான். அக்கரையில ஆள் நிக்கறது தெரியும், கையில இருக்கற எழுத்து தெரியாது.”

“நான் படிக்கட்டுமா? வேகமா முடிச்சுடலாம். நாலு மணிக்குள்ள அம்மாவுக்கு முழுக்கதையும் தெரிஞ்சுடும்.”

“உன் குரல்ல எத்தனையோ கதை கேட்டிருக்கா. என் குரல்ல ஒண்ணுகூடக் கேட்டதில்ல.”

பிம் சுவரில் சாய்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒவ்வொரு நாளும் சோறு போடும்போது கதை சொல்லுவா,” என்றார் தாவின். “யார் பேய், யார் ராணி, எந்தக் கண்ணாடி வழியா எந்தக் காலத்துக்குப் போனா, எல்லாம். நான் டிவியில குத்துச்சண்டை பாத்துக்கிட்டு ‘உம்’ கொட்டுவேன். அவளுக்குத் தெரியும் நான் கேக்கலன்னு. ஆனாலும் விட மாட்டா. இப்ப வீட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு உக்காந்தா, சோறு இறங்க மாட்டேங்குதும்மா.”

மகளும் தகப்பனும் கொஞ்ச நேரம் அழுதார்கள். அழட்டும். வேறெங்கே போய் அழுவது?

பதினோரு மணிக்குப் பிக்குகளுக்கு அன்னமிட்டார்கள். அவர்கள் உண்டு முடித்ததும் விருந்தாளிகளுக்கு மீன்குழம்பு ஊற்றிய அரிசிச் சேவை. கறுப்பு உடையில் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். தாவின் வாசலில் நின்று கைகூப்புவார். கூட்டம் சற்றுக் குறைந்தால் நழுவிப் பெட்டிக்குப் பின்னால் போய்விடுவார். டொக், டொக். “நுவான், ஆட்கள் வந்துட்டாங்க, அதான் நேரமாச்சு. கேளு.”

இந்த நழுவலைச் சொம்கிட் கவனித்துவிட்டான். ஆபீசர் வரும் நேரத்தில் அப்பாவைக் காணோம் என்றால்? தண்ணீர்ப் புட்டிகள் அடுக்கிய தட்டோடு, ஒரு கை பார்த்துவிடுவது என்று பெட்டிப் பக்கம் நடந்தான்.

பாதியில் நின்றான். அப்பாவின் குரல் கேட்டது.

“‘ஆறு வடிந்து கடைசிப் படி தெரியும் நாளில் நீ கால் வைத்தால், உன் காலத்துக்குத் திரும்பலாம். ஆனால் இங்கே யாருக்கும் உன் முகம் நினைவிருக்காது என்றாள் கிழவி. மேகலா அதித்தைப் பார்த்தாள். அவனுக்கும் நினைவிருக்காதா என்று கேட்டாள்.’ இரு நுவான். ஒரு நிமிஷம்.”

தாவின் மூக்கை உறிஞ்சினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தூணுக்குப் பின்னால் சொம்கிட் தட்டைப் பிடித்தபடி நின்றான். வாசலில் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் உடனே போகவில்லை.

மூன்று மணிக்குப் பிம் வந்து அப்பாவின் தோளைத் தொட்டாள்.

“எவ்வளவுப்பா பாக்கி?”

“ரெண்டு அத்தியாயம்.”

“கிளம்பணும்ப்பா. பெட்டியைத் தூக்க வந்துட்டாங்க. வேணும்னா கடைசிப் பக்கத்தை மட்டும் படிச்சுச் சொல்லிடுங்களேன்.”

“சீ! என்ன பேச்சு பேசறே? அவ மூஞ்சியில நான் முழிக்க வேண்டாமா?”

மூன்று முறை இடப்புறமாகச் சுற்றி, பெட்டியைத் தகனமேடைக்கு ஏற்றினார்கள். சொம்கிட் அம்மாவின் படத்தை நெஞ்சோடு பிடித்து முன்னால் நடந்தான். விருந்தாளிகள் ஒவ்வொருவராக ஏறி வந்து சந்தனச் சீவலில் செய்த பூவை வைத்துவிட்டு இறங்கினார்கள். ஜியாப் அக்கா பூவோடு சேர்த்து ஒரு வாழைக்காய்த் துண்டையும் வைத்தாள். கருகிய துண்டு. வேண்டுமென்றே கருக்கியது.

“போய்ச் சேருடி. முத்தக் காட்சி வந்தாச்சு,” என்று சொல்லிவிட்டு, வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு இறங்கினாள்.

கடைசியில் வீட்டார் மட்டும் நின்றார்கள். மூடியைத் திறந்தார்கள். சொம்கிட் இளநீரை ஊற்றி முகம் கழுவினான். கண்ணீர் உடல்மேல் விழுந்தால் போகிறவருக்குப் போக மனம் வராது என்பார்கள். பிம் வாயைப் பொத்திக்கொண்டு ஓர் அடி பின்னால் நின்றாள்.

தாவின் புத்தகத்தோடு முன்னால் வந்தார். சட்டைப் பையில் சிவப்புக் கண்ணாடி.

தகனக்கூடத்து லேக் மாமா தலையை ஆட்டினார். “புத்தகம் போகட்டும். கண்ணாடியெல்லாம் உள்ள விடறதில்லைங்க.”

“அப்படின்னா புத்தகத்தால பிரயோஜனம் இல்லையே,” என்றார் தாவின். கோபமில்லை. உண்மையாகவே குழம்பிப்போய் நின்றார்.

பிம் அண்ணனைப் பார்த்தாள். இதோ, இப்போது சொல்லப்போகிறான், ஆபீசர் கீழே நிற்கிறார், எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள் என்று.

“மாமா,” என்றான் சொம்கிட். “பிளாஸ்டிக் சட்டம்தான். எங்கம்மாவுக்கு அது இல்லாம எதுவும் தெரியாது. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்களேன்.”

லேக் மாமா அவனைப் பார்த்தார். பிறகு விளக்கைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டார்.

“அப்பா,” சொம்கிட் அவர் பக்கம் திரும்பினான். “கண்ணாடியை வச்சுடுங்க. புத்தகம் உங்ககிட்ட இருக்கட்டும். ரெண்டு அத்தியாயம்தானே, உங்களுக்கு நான் நல்ல கண்ணாடி வாங்கித் தர்றேன். முடிச்சுடுங்க.”

“நான் முடிச்சுட்டா?”

“கதை தெரிஞ்சுடுமில்ல?”

“எனக்குத் தெரிஞ்சு என்னடா பண்றது? இந்த வீட்டுல கதை சொல்றது யாரு? அவதானே. அவ படிச்சுட்டு வந்து சொல்லுவா. இந்தத் தடவை டிவியை நிறுத்திட்டுக் கேப்பேன்.”

பார்சலில் புத்தகத்தோடு ஒரு சீட்டு வந்திருந்தது. ஆற்றுப்படியின் படம் போட்டது, பக்க அடையாளத்துக்கு. நுவானுக்கு ஓரம் மடித்தால் பிடிக்காது. தாவின் அந்தச் சீட்டை, தான் நிறுத்திய இடத்தில் செருகினார். வெளியே நன்றாகத் தெரியும்படி இழுத்துவிட்டார். கண்ணாடியை விரித்து அட்டைமேல் வைத்து, இரண்டையும் அவள் கையருகே வைத்தார். மூடிவிடப்போகிறார்கள் என்று தெரிந்தும் பெட்டியின் பக்கவாட்டில் தட்டினார்.

டொக், டொக்.

“நுவான், சீட்டு வச்சிருக்கேன். அதுவரைக்கும் நான் சொல்லிட்டேன். இங்கிருந்து படிச்சாப் போதும்.”

பிறகு நெருப்பு.

கூட்டம் கலைந்தது. ஆபீசர் கைகூப்பிவிட்டுக் காரில் ஏறினார். சொம்கிட் வழியனுப்பப் போகவில்லை. ஆற்றைப் பார்த்த அரசமரத்தடியில் கைப்பேசியைப் பிடித்தபடி தனியாக நின்றான். பிம் அவனிடம் போனாள். நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது?

“பிம், பந்தயத்துல அம்மா யாரைச் சொன்னாங்க? விஷம் வச்சது யாருன்னு?”

“சமையல்காரியை. நான் வைத்தியனைச் சொன்னேன்.”

“நீ தோத்துட்டே. சமையல்காரிதான்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். அதே அட்டை. அந்தப் பெண்ணும் பையனும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

“மத்தியானம் அப்பா பாதியில நிறுத்திட்டு வாசலுக்குப் போயிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளல. போன்லயே வாங்கிட்டேன். அப்பா விட்ட இடத்துலேருந்து படிச்சு முடிச்சுட்டேன்.”

பிம்முக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதழுது வீங்கிய முகத்தோடு சிரித்தாள். “நீயா? கூசுதுன்னே!” என்றவள் சட்டென்று அவன் சட்டையைப் பிடித்தாள். “அப்ப மேகலா? அவ என்ன பண்றா? அந்தப் படியில கால் வைக்கிறாளா?”

சொம்கிட் ஆற்றைப் பார்த்தான்.

“வைக்கிறா. போயிடறா. கிழவி சொன்னது மட்டும் பொய்யாப் போச்சு. அவனுக்கு அவ முகம் மறக்கல. தண்ணி வடியறப்பல்லாம் வந்து அந்தப் படிக்கட்டுல உக்காந்திருக்கான். கிழவனாகிற வரைக்கும் உக்காந்திருக்கான். அவ்வளவுதான். முடிஞ்சுடுது.”

அத்தனை நாளும் விருந்தாளிகளையும் விசிறிகளையும் கவனித்துக்கொண்டிருந்தவன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், அரசமரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“அப்பாகிட்ட சொல்லிடாதே பிம்.”

“சொல்ல மாட்டேன்.”

“யாரும் சொல்லக்கூடாது.”

தாவின் தகனமேடையிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். புகைபோக்கியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. வெறும் பை. பிள்ளைகள் இருவரும் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். சொம்கிட் கைப்பேசியை உள்ளே போட்டான்.

“சொம்கிட்.”

“என்னப்பா?”

“இன்னிக்கு வீட்டுக் கதவைத் தாள் போட்டுடாதே.”

“ஏன்ப்பா?”

“உங்கம்மா வேகமாப் படிப்பாடா,” என்றார் தாவின். “ரெண்டே ரெண்டு அத்தியாயம்தானே பாக்கி.”